குதிரைக்குத் தைத்த முண்டு

குதிரைக்கு எதற்குச் சட்டை என்று கேட்காதவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர்கள், தைத்ததை வாங்கிப் போக வந்தவர்கள், வழி தெரியாமல் எங்கள் முற்றத்துக்குள் நுழைந்துவிட்ட கூரியர்க்காரர் என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். முதலில் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. பிறகு மெஷினை நிறுத்தாமலே, "அது கேட்டுது, தைச்சு குடுத்தேன்" என்று சொல்லிவிடுவேன்.

உண்மையான காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. என் கணவர் மறுபடியும் கல்ஃபுக்குப் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் தைத்தேன்.

கேரள எல்லையோரத்து எங்கள் ஊரிலிருந்து கல்ஃபுக்குப் போகிறவர்கள் கொத்தனாராகவோ டிரைவராகவோ போவார்கள். பெண்கள் நர்ஸாகப் போவார்கள். இவர் போனது குதிரை லாயத்துக்கு. கல்யாணமாகிச் சில மாதங்களில் போனவர், தலை நரைத்துத் திரும்பி வந்தார். நடுவில் லீவுக்கு வருவார். பெட்டி அவிழ்ப்பார், பெட்டி கட்டுவார், போவார். எங்கள் கல்யாண வாழ்க்கையை நான் நினைத்துப் பார்த்தால் அதில் பாதி நேரம் யாரோ பெட்டியில் பிளாஸ்டிக் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக எல்லாம் முடித்துக்கொண்டு வந்தபோது, இனி இங்கேதான் என்றார். ஆனால் வீட்டில் அவருக்கு இருக்கத் தெரியவில்லை. விடியுமுன் எழுந்து விடுவார். எழுந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் நின்று ரப்பர் மரங்களையே பார்ப்பார். மகள் கல்யாணம் கழிந்து பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் நானும் என் தையல் மெஷினும் மட்டும். நான் பேசினால் கேட்பார். கேட்டு முடித்ததும் "செரி" என்பார். அந்தச் செரியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் பூவாரில் ஒரு ரிசார்ட்டில் குதிரை பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனார். கடற்கரையில் விருந்தினர்களை ஏற்றிப் படம் எடுப்பதற்கு ஒரு பெண் குதிரை வைத்திருந்தார்கள். செம்பழுப்பு நிறம், நெற்றியில் சின்ன வெள்ளைப் பொட்டு, வயது பதினாலு இருக்கும் என்று பல்லைப் பார்த்துச் சொன்னார். போன கொஞ்ச நாளிலேயே ரிசார்ட்டுக்குக் குதிரை வேண்டாமென்று ஆகிவிட்டது. காரணம், குதிரை அழகாக இல்லை. கழுத்து முடியையும் வால் முடியையும் அது அரிப்பில் தென்னை மரத்தில் தேய்த்துத் தேய்த்து உதிர்த்துவிட்டிருந்தது. மொட்டை வாலோடு யார் படம் எடுத்துக்கொள்வார்கள்? நீங்களே கொண்டுபோய்க்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் அதைக் கயிற்றில் பிடித்துத் திருப்புறம் ஊர் வழியாக நடத்தியே கூட்டி வந்தார். ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஒரு ஸ்கூல் யூனிஃபாரத்துக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். சன்னலில் குதிரையின் மூக்கு தெரிந்தது.

"ஆரு இது?" என்றேன்.

"குதிரை" என்றார்.

"அது எனக்குத் தெரியுது. இஞ்ச எதுக்கு?"

"போக்கிடம் இல்ல அதுக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன மிக நீளமான விளக்கம் அதுதான்.

பின்பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் கிடந்த ஷெட்டைக் காலி செய்து அதில் கட்டினார். மறுநாளிலிருந்து வீட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவர் பேசுகிற சத்தம். லாயத்தில் கூட வேலை செய்தவர்களிடம் கற்ற இந்தியில் கொஞ்சம், மலையாளத்தில் கொஞ்சம். "மோளே, வா மோளே" என்று மகளைக் கொஞ்சுவது போலக் கூப்பிடுவார். என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் தேங்காய் துருவிக்கொண்டே அதைக் கேட்பேன். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மனிதர் காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

குதிரைக்குத்தான் போதவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அரிப்பு குறையவில்லை, கூடியது. சாயங்காலமானால் நிலைகொள்ளாது. காலை உதைக்கும், தலையைச் சுழற்றும், ஷெட்டின் தூணில் பின்பக்கத்தை வைத்துத் தேய்க்கும். தகரக் கூரை மொத்தமும் ஆடும். கழுத்தின் மேல்விளிம்பில் முடி போய், தோல் போய், சிவப்பாகக் கசிந்தது. அவர் வேப்பெண்ணெய் தடவினார், தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டார். ராத்திரி ஆறினால் காலையில் மறுபடி தேய்த்துவிடும்.

அந்த நாட்களில்தான் போன் வர ஆரம்பித்தது. அங்கே அவருக்கு மேலாளாக இருந்த ஒரு மலையாளி. சாயா நேரத்தில் கூப்பிடுவார். லாயத்தில் பழைய ஆட்கள் யாரும் இல்லை, விசா போட்டுத் தருகிறோம், எப்போது வருகிறாய் என்று கேட்பார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால் எனக்கு ஒன்றுவிடாமல் கேட்கும். குதிரை குணமானபிறகு சொல்வதாக இவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்வார். "குதிரைக்கு சுகமாகட்டே, பின்னே பறயாம்."

நான் அதைப் போகாமலிருக்கச் சொல்கிற சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். இந்தக் குதிரையைக் குணப்படுத்தி, அது முடி வளர்ந்து பளபளவென்று நின்றால், அதை விட்டுவிட்டு இந்த மனிதர் எங்கே போவார்? குணமாகாமல் அதை யாருக்காவது கொடுத்துவிட்டால், மறுநாளே பெட்டியைக் கீழே இறக்குவார். என் கணக்கு இப்படி. எனவே குதிரையைச் சுகமாக வைத்திருக்க வேண்டியது அவரைவிட எனக்குத்தான் அவசரமாகிவிட்டது.

மழை பிடித்தது. குதிரை நடுங்குகிறது என்று அவர் முடிவு செய்தார். அது உண்மையில் கொசுவுக்குத் தோலைச் சிலிர்க்கிறது என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. அலமாரிக்கு மேலிருந்த கல்ஃப் பெட்டியை இறக்கினார். பயணத்துக்குத்தான் என்று நினைத்தேன். பெட்டிக்குள்ளிருந்து எடுத்தது குதிரைப் போர்வை. அவர் 'ரக்' என்பார். கருஞ்சிவப்பில், உள்ளே பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்து, ஓரத்தில் தங்க நிறப் பைப்பிங் வைத்தது. பிரியும்போது லாயத்தில் கொடுத்தார்களாம். தையல்காரியாகச் சொல்கிறேன், வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் கல்ஃப் வீடு என்று இருந்தால் அலமாரியில் கம்பளி இருக்கும். புலி படம் போட்டது, ரோஜாப்பூ போட்டது. இந்தப் புழுக்கத்தில் யாரும் போர்த்தியதில்லை. விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே வைப்போம். எங்கள் வீட்டில்தான் முதன்முதலாக ஒரு கல்ஃப் கம்பளி உபயோகத்துக்கு வந்தது. அது குதிரைக்கு.

"அங்க ஒக்க ராத்திரி இத போட்டுதான் நிறுத்துவோம்" என்றார்.

"அங்க லாயத்துக்கே ஏசி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன்.

அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் குதிரையோடு இருந்தவர், குதிரை விஷயத்தில் பெண்டாட்டி சொல்வதைக் கேட்பாரா? போர்த்தினார். மார்பில் பக்கிள் மாட்டினார், வயிற்றுக்கடியில் இரண்டு பட்டைகளையும் குறுக்காக எடுத்துக் கட்டினார். அது பார்க்க ராஜா வீட்டுக் குதிரை மாதிரிதான் இருந்தது. காலையில் அவிழ்த்தபோது இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி எழும்பியது. முடியெல்லாம் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. முதுகில் சின்னச் சின்னப் பொருக்குகள். கழுத்தைப் போர்வை மூடாததால் கழுத்துப் புண் அப்படியே இருந்தது. பழைய புண்ணோடு புதிய புண்ணும் சேர்ந்துகொண்டது.

அவர் அந்த ரக்கைத் துவைத்துக் காயப்போட்டார். அந்த மழையில் அது காயவே இல்லை. வராந்தாவில் ஒரு வாரம் தொங்கி வீடு முழுக்கக் குதிரை நாற்றம்.

அடுத்த முட்டாள்தனம் என்னுடையது. அவரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விடக்கூடாது. என் தம்பி பனச்சமூட்டில் இருக்கிறான். கொஞ்சம் ரப்பர் உண்டு. மழைக்காலத்தில் பால்வெட்டு நிற்காமலிருக்க மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி பிளாஸ்டிக் கட்டுவார்கள். அந்த பிளாஸ்டிக்கில் ஒரு சுருள் அவன் வீட்டில் மிச்சம் கிடந்தது.

"அக்கா, மரத்துக்கே உடுத்துதோம். குதிரைக்கு ஆகாதா?" என்று அவன்தான் கேட்டான். எனக்கும் சரியாகத்தான் பட்டது. நனையாமல் இருந்தால் போதும் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சுருளை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அளவெடுத்து, முன்பக்கம் வெட்டி, தோளில் இரண்டு டக் வைத்து ஒரு மழைக்கோட்டு தைத்தேன். மெஷினில் பிளாஸ்டிக் நகரவில்லை. அடியில் பேப்பர் வைத்துத் தைத்துப் பிறகு பேப்பரைக் கிழித்தெடுத்தேன். கழுத்தையும் விடவில்லை. தலையிலிருந்து வால்வரை மூடினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அவருடைய ரக் தோற்றுப்போயிருந்ததால் குறை சொல்ல வாயில்லை.

குதிரை முதல் அடி வைத்தது. பிளாஸ்டிக் சரசரத்தது. காதைப் பின்னால் மடக்கியது. இரண்டாவது அடி வைத்தது. இன்னும் சரசரத்தது. அவ்வளவுதான். கயிற்றை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் பாய்ந்தது. ஓட ஓடச் சத்தம் கூடியது, சத்தம் கூடக் கூட ஓட்டம் கூடியது. பக்கத்து வீட்டுக்காரி சருவப் பானையோடு வெளியே வந்து, "எலே, இது என்ன சாதனம்!" என்று அலறினாள். கறுப்புப் பிளாஸ்டிக் விரித்துக்கொண்டு ஒன்று தன் மரச்சீனியை மிதித்து வருவதைப் பார்த்தால் யார்தான் அலறமாட்டார்கள். கடைசியில் வாழை மூட்டில் பிளாஸ்டிக் சிக்கிக் கிழிந்து, குதிரை தானே நின்று வாழையிலையைத் தின்றது.

என் கணவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் உள்ளே ஒரு பக்கம், இதற்காக இன்னும் நாலு பிளாஸ்டிக் கோட்டு தைக்கலாம் என்றும் தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கிழங்கு போன கணக்குக்கு இரண்டு நைட்டி தைத்துக் கொடுத்துச் சமாதானமானேன்.

பிறகுதான் மிருக ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். பசுவும் ஆடும் பார்க்கிறவர். ஸ்கூட்டரை நிறுத்தியதுமே, "சேச்சி, குதிரையை ஞான் படிச்சிட்டேயுள்ளூ" என்று, குதிரையைப் புத்தகத்தில் மட்டும் படித்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. படம் எடுத்து, கூடப் படித்த யாருக்கோ அனுப்பினார். இரண்டு நாளில் பதில் சொன்னார். குதிரைக்குக் குளிரும் இல்லை, மழையால் கெடுதலும் இல்லை. கடிப்பது கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடிக்கொசு. அந்தக் கடி இந்தக் குதிரைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விடியும்போதும் அந்தியிலும்தான் அது கூட்டமாக வரும். ஷெட்டுக்குப் பின்னால் கால்வாய்த் தண்ணீர் தேங்கிக் கிடக்கிற இடம், சாணிக்குழி, எல்லாம் அதற்கு வீடு. மருந்து தருகிறேன், ஆனால் கொசு கடிக்காமல் மூடி வைக்காவிட்டால் மருந்தால் பிரயோஜனமில்லை. மூடுகிற துணியில் காற்று போக வேண்டும், கொசு போகக் கூடாது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். லாயத்தில் சாயங்காலக் கொசு கிடையாது. ஏசி ஓடும், கதவு மூடியிருக்கும். அவர் கற்றதெல்லாம் குளிரோடு சம்பந்தப்பட்டது. குதிரையைச் சுகமாக வைத்திருப்பது என்றால் போர்த்துவது என்றுதான் அவருக்கு அர்த்தம். எதற்காகப் போர்த்துகிறோம் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் இவ்வளவு கூத்துக்குப் பிறகுதான் உறைத்தது.

காற்று போக வேண்டும், கொசு போகக் கூடாது. இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்து கேட்டிருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பேன். முதலில் கொசுவலைத் துணியில் தைத்தேன். கொசுவலையில் சாதாரணக் கொசுதான் நிற்கும். இந்தப் பொடி உள்ளே புகுந்துவிட்டது. புகுந்தது வெளியே போகத் தெரியாமல் உள்ளேயே இருந்து கடித்தது. அதோடு குதிரை ஒரு தடவை தூணில் தேய்த்ததில் வலை பிளந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கொடியில் அவருடைய முண்டு காய்ந்துகொண்டிருந்தது. நெய்யாற்றின்கரையில் வாங்கிய கைத்தறி வேட்டி, இரட்டை முண்டு. காற்றில் உப்பி உப்பி அடங்கியது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இழைகள் நெருக்கம். வெள்ளை நிறம், வெயிலில் சூடும் ஏறாது.

"உங்க முண்டு ரெண்டு எடுக்கேன்" என்றேன்.

"எதுக்கு?"

"மோளுக்கு உடுத்த."

இந்தத் தடவை அவரும் உட்கார்ந்தார். அவர் அளவு சொன்னார், நான் வெட்டினேன். மனிதருக்கு எடுப்பது போல இல்லை குதிரைக்கு அளவு. மார்பின் நடுவிலிருந்து பக்கவாட்டில் வால் மூட்டுவரை இஞ்சுடேப் பிடிக்க வேண்டும். அதுதான் நீளம். குட்டையானால் முதுகு திறந்து கிடக்கும், நீளமானால் பின்னுக்கு வழுக்கித் தோளை இழுக்கும். குதிரை தலை குனிந்து புல் தின்னும்போது கழுத்துத் துணி இழுபடக் கூடாது. அதனால் குனியவைத்தும் ஒரு அளவு எடுக்க வேண்டும். ஒரு கேரட்டைத் தரையில் வைத்து அவர் குனியவைத்தார், நான் எடுத்தேன். தோளில் பிளவுஸ் கைக்கு வைப்பது போலக் கக்கத்தில் ஒரு துண்டு சேர்த்தேன், முன்கால் வீசி நடக்க. அவர் அதைத் தடவிப் பார்த்தார். கல்ஃபில் விலை கூடிய ரக்குகளில் மட்டும்தான் இப்படித் துண்டு வைத்திருக்கும் என்றார். அவர் என் தையலைப் பாராட்டியது அன்றைக்குத்தான்.

முதல் வாரம் போட்டதில் கழுத்து முடியும் இடத்தில், முதுகு எழும்புகிற எலும்பின் மேல், முடி உராய்ந்து தேய்ந்தது. அந்த இடத்துக்கு உள்பக்கம் பட்டுப் புடவை மிச்சத்தில் ஒரு பட்டை வைத்துத் தைத்தேன். பட்டு வழுக்கும், உராயாது. மார்பில் ஸ்கூல் பேக்கின் பக்கிள். வயிற்றுக்கடியில் அகலமான ஒரு மடிப்பு, ஏனென்றால் பொடிக்கொசு அடிவயிற்றையும் விடாது. பட்டையைக் கட்டினால் உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும். இறுக்கினால் அறுக்கும், தளர்ந்தால் கால் மாட்டும். வாலுக்குத் தனியாக ஒரு பை. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி, "இதுக்கு இனி ஒரு குடையும் வாங்கி குடு" என்றாள்.

ஊர் விடவில்லை. வெள்ளை உடுப்பில் கழுத்தும் தலையும் மூடி நின்றதைப் பார்த்துக் கன்னியாஸ்திரி குதிரை என்றார்கள். இல்லை, கல்யாண மாப்பிள்ளை என்றார்கள் சிலர். ஜங்ஷனில் சாயாக்கடையில் என் கணவரைப் பார்த்தால், "குதிரைக்கு முண்டு குடுத்தாச்சு, இனி நீரு எத உடுப்பீரு ஓய்?" என்று கேட்பார்களாம். அவர் வீட்டுக்கு வந்து அதை எனக்குச் சொல்வார். வெளியே நடந்ததை அவர் வீட்டில் வந்து சொல்வது புதிது. நான் அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

துணி இருந்தால் மட்டும் போதாது, எப்போது போடுவது எப்போது எடுப்பது என்பதுதான் பெரிய பாடம். விடியும் முன்னால் ராத்திரித் துணியை மாற்றிப் போட வேண்டும், வெயில் ஏறியதும் எடுக்க வேண்டும். பகலெல்லாம் வெறும் மேலோடு நின்றால்தான் தோலுக்குச் சுகம். மழையில் நனைந்தால் நனையட்டும், நனைந்த உடம்பின் மேல் துணி போடக் கூடாது. அந்திக்கு முன்னால் மறுபடி போட்டு ஷெட்டுக்குள் கட்டி, பழைய ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைக்க வேண்டும். காற்றில் அந்தக் கொசுவால் பறக்க முடியாது. போடும்போது முன்னால் வைத்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும், முடி படியும் பக்கமாக. முன்னுக்கு இழுத்தால் முடி சிலிர்த்து நாள் முழுக்க அரிக்கும். மார்புப் பக்கிளை முதலில் மாட்டு, அவிழ்க்கும்போது அதைக் கடைசியில் அவிழ் என்பார் அவர். நடுவில் குதிரை மிரண்டால் துணி காலுக்குள் போகாது. ஈரத் துணி ஆகாது, அதனால் மூன்று தைத்தேன். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று மடிப்பில். தேங்கிய தண்ணீரை அவர் வெட்டிவிட்டார். சாணிக்குழியைத் தூர எடுத்தார்.

இதெல்லாம் அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்து எனக்கும் பழகிவிட்டது. முதலில் குதிரையின் பக்கம் போகப் பேடி, அவ்வளவு பயம். பின்பக்கம் போகவே மாட்டேன். பிறகு ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். நானே போட வேண்டியதாயிற்று. அது திரும்பிப் பார்த்தது, மூச்சை விட்டது, நின்றுகொடுத்தது. அதன்பிறகு காலையில் அவர், மாலையில் நான் என்று ஆகிவிட்டது. தமிழில்தான் பேசுவேன். அதற்குப் புரியாவிட்டால் அது அதன் பாடு.

ஓணத்துக்கு முன்பே புண்கள் உலர்ந்தன. ஓணம் கழிந்து கழுத்தில் முடி வந்தது. முதலில் தேய்ந்த பல்துலக்கி மாதிரி குத்திட்டு நின்றது. வாலில் கறுப்பாகக் கொஞ்சம் இறங்கியது. சாயங்காலம் அது தூணில் தேய்ப்பதை நிறுத்திவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "சேச்சி, எனிக்கும் ஒரு சுரிதார் தைச்சு தரணே" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலையில் அவர் என்னையே போடச் சொன்னார். அவர் கதவோரம் நின்றார். நான் மார்புப் பக்கிள் மாட்டி, பின்னுக்கு இழுத்து, பட்டையை எடுத்துக் கட்டி, உள்ளங்கையை விட்டுப் பார்த்து, வால் பையை மாட்டி முடித்தேன். குதிரை வைக்கோலைத் தின்றுகொண்டே இருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"கொள்ளாம்" என்று மெச்சினார். "இனி நான் இல்லேங்கிலும் நீ பாத்துக்கிடுவ."

"நீங்க எங்க போறிய?" என்றேன்.

விசா வந்துவிட்டதாம். மேலாள் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். இந்த வாயில்லா மிண்டாப்பிராணியைச் சுகமில்லாமல் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, இப்போது அதற்கும் சுகமாயிற்று, உனக்கும் பழகிவிட்டது, இனி பேடிக்க ஒன்றுமில்லை என்று சொன்னார். அவ்வளவு பேசினார். நிதானமாக, எனக்கு ஏதோ நல்ல செய்தி சொல்வது போலப் பேசினார்.

இத்தனை மாதமும் நாங்கள் இருவரும் ஒரே துணியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு தைத்திருக்கிறோம். நான் அவரை இங்கே நிறுத்துவதற்கு. அவர் இங்கிருந்து போவதற்கு. என் கையாலேயே தைத்து, என் கையாலேயே பழகி, அவருக்கு வழி செய்து கொடுத்திருக்கிறேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பக்கத்திலிருந்த குதிரை பிரஷை எடுத்துத் தரையில் எறிந்தேன். குதிரை அப்போதுதான் திரும்பிப் பார்த்தது.

"நான் இத குதிரைக்கு தைச்சேன்னா நெனச்சிய?" என்று கத்தினேன். "நீங்க போவாம இருக்கதுக்காக்கும் தைச்சது. எனக்கு குதிரை வேண்டாம். எனக்கு குதிரைய கண்டாலே பேடி."

அவர் குனிந்து பிரஷை எடுத்து வைத்தார். பிறகு, கோபமே இல்லாமல், தெரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நீ ஒருநாளும் சொன்னதில்லயே?"

"என்ன சொல்லல்ல?"

"நில்லுன்னு. ஒவ்வொரு லீவுக்கும் வந்தா, வந்த அண்ணைக்கே எப்ப போணும்னுதானே கேப்ப."

கேட்பேன்தான். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன். இன்னும் எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும். நான் போகச் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு லீவுக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி எடுத்துக்கொள்கிற மனிதர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நான்தான் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல வேண்டுமா? நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"போவாதீங்க" என்று வந்தது.

அவர் "செரி" என்று சொல்லவில்லை. போய்த் தவிட்டுப் பீப்பாயின் மேல் உட்கார்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். ஸ்பீக்கரில்தான் போட்டார். அந்தப் பக்கம் எடுத்ததுமே மேலாளின் குரல், குதிரைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டது.

"குதிரைக்கு சுகமாயி" என்றார் இவர்.

அப்படியானால் டிக்கெட் எப்போது போடட்டும் என்று மேலாள் கேட்டார்.

"ஞான் வருந்நில்ல" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஏன் வரவில்லை, என்ன ஆயிற்று, யாருக்காவது மேலுக்குச் சுகமில்லையா என்று வரிசையாகக் கேள்விகள்.

"ஒந்நுமில்ல" என்றார் என் கணவர். "பார்யைக்கு சம்மதமில்ல."

அவர் கல்ஃபுக்குப் போக என்னிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. எனக்கு அப்படி ஒன்று இருப்பதாக ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.